இரத்தமும் பூசை உடையும்: ஹெர்மன் நிட்ச்சின் ஆறு நாள் நாடகம்

ஆஸ்திரிய நாட்டுக் கலைஞர் ஹெர்மன் நிட்ச் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தமது 83-ஆம் வயதில், வியன்னாவுக்கு வடக்கேயுள்ள மிஸ்டெல்பாக் நகரில் காலமானார். அந்நாள் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு மறுநாளாகிய திங்கட்கிழமை. அறுபது ஆண்டுகளாகச் சிலுவையையும் பலியையும் இரத்தத்தையும் தவிர வேறொன்றையும் தம் கலைக்குப் பொருளாகக் கொள்ளாத ஒருவர் அத்தகைய நாளில் மறைந்தது தற்செயலே. எனினும் அவர் கலையை அறிந்தோர் எவரும் அத்தற்செயலைக் கவனியாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இறையியல் ஏடொன்றில் இவரைப்பற்றி எழுதுவதற்குக் காரணம் கேட்கப்படலாம். நிட்ச்சின் நிகழ்வுகளில் செத்த ஆட்டுக்குட்டிகள் சிலுவையில் அறையப்பட்டன. நிர்வாண மனிதர்மேல் குருதி ஊற்றப்பட்டது. குருமார் திருப்பலியில் அணியும் மேலாடைகளும், நற்கருணை வைக்கும் கதிர்பாத்திரமும் குடல்களுக்கும் கிழிந்த தசைக்கும் அருகே வைக்கப்பட்டன. இதைக் கேட்டவுடன் இருவகைப் பதில்கள் எழுவதுண்டு. தெய்வநிந்தை என்று கூறி முகம் திருப்பிக்கொள்வது ஒன்று. கலைக்கு எல்லையில்லை என்று கூறித் தோளைக் குலுக்கி அப்பால் செல்வது மற்றொன்று. இரண்டும் அவரைப் பாராமலே அவருக்குத் தீர்ப்பளிக்கின்றன. அவர் கையாண்ட பொருள்கள் யாவும் நம் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஆட்டுக்குட்டி, சிலுவை, திராட்சரசம், வெண்ணாடை, காயம், இரத்தம் ஆகிய இச்சொற்களை ஞாயிறுதோறும் நாம் பிரசங்க பீடத்தில் நின்று உரைக்கிறோம். அவர் சொற்களை விட்டுவிட்டுப் பொருள்களை மேசைமேல் வைத்தார். அப்படி வைத்ததில் எதைக் கண்டார், எதை இழந்தார் என்று வினவுவது இறையியலாரின் கடமைக்குப் புறம்பானதாகாது.

நிட்ச் 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டு அப்போது ஆறு மாதமும் நிறைவுறவில்லை. தந்தை போரில் மாண்டார். குண்டுவீச்சின் நடுவே கழிந்த குழந்தைப் பருவம் அவருடையது. பின்னர் வியன்னாவின் வரைகலைப் பயிற்சிக்கூடத்தில் விளம்பர ஓவியத் தொழில் பயின்றார். 1957-ஆம் ஆண்டளவில், பத்தொன்பது வயது இளைஞராக, ஆறு நாள்கள் இடைவிடாது நடைபெற வேண்டிய ஒரு பெருநாடகத்தை மனத்தில் வகுத்தார். 'களியாட்டங்களின், மறைபொருள்களின் நாடகம்' என்பது அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள். வாழ்நாள் முழுவதும் அவர் செய்தவையெல்லாம் அவ்வொரு நாடகத்தின் பகுதிகளும் ஒத்திகைகளுமே.

முதல் நிகழ்வு 1962 டிசம்பரில் ஓட்டோ ம்யூல் என்னும் ஓவியரின் வியன்னா இல்லத்தில் நடந்தது. அதில் நிட்ச் தாமே வெண்ணாடையுடன் சிலுவையில் அறையப்பட்டவரைப்போல் கட்டப்பட்டு நின்றார். அவர்மேல் இரத்தம் ஊற்றப்பட்டது. ம்யூல், குந்தர் புரூஸ், ருடோல்ஃப் ஷ்வார்ஸ்கோக்லர், நிட்ச் ஆகிய நால்வரையும் கலை வரலாற்றாசிரியர் 'வியன்னாச் செயற்கலையினர்' என்று ஒருங்கே குறிப்பிடுவர். நால்வரும் ஒரே கொள்கையினர் அல்லர். ஆயினும், ஓவியத் துணியை விட்டு மனித உடலையே கலையின் களமாக்கியதில் ஒன்றுபட்டவர்கள். காவல்துறையும் நீதிமன்றமும் அவர்களை விட்டுவைக்கவில்லை. 1968-இல் வியன்னாப் பல்கலைக்கழக அரங்கில் நடந்த ஒரு நிகழ்வுக்காகப் புரூசுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது அவர் பெர்லினுக்குத் தப்பியோடினார். நிட்ச்சும் வழக்குகளையும் சிறையையும் கண்டார்.

இலண்டனில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1966 செப்டம்பரில் அங்கே 'கலையில் அழிவு' என்னும் பொருள்பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டப்பட்டது. நிட்ச் அதில் ஓர் ஆட்டுக்குட்டியின் உடலைக்கொண்டு நிகழ்வொன்றை நடத்தினார். ஒழுக்கக்கேடான காட்சி என்று வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் நிட்ச் அல்லர். கருத்தரங்கைக் கூட்டிய கஸ்டவ் மெட்ஸ்கரும் அவருடைய உடனமைப்பாளர் ஒருவருமே நின்றனர். 1967-இல் மெட்ஸ்கருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இவர் நியூரம்பர்கில் பிறந்த யூதர். 1939-இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பியவர். பெற்றோரை நாசிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். பலியைக் கலையாக்கிய ஆஸ்திரியரின் செயலுக்கு, உண்மைப் பலியொன்றிலிருந்து தப்பி வந்த யூதர் தண்டம் கட்ட நேர்ந்தது. பிறர் பொருட்டுத் தண்டனை ஏற்றல் என்னும் கருத்தைப் பற்றி நிட்ச் எழுதிய பக்கங்களில் காணக் கிடைக்காத ஒன்று இந்நிகழ்ச்சியில் இருக்கிறது.

1971-இல் பிரின்சென்டார்ஃப் என்னும் சிற்றூரின் பழைய அரண்மனை நிட்ச்சின் உடைமையாயிற்று. வியன்னாவுக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் அது அமைந்துள்ளது. அங்கேதான் 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 முதல் 9 வரை ஆறு நாள் நாடகம் முதன்முறையாக முழுமையாய் நடந்தேறியது. அவருடைய கணக்கில் அது நூறாவது நிகழ்வு. மனத்தில் வகுத்ததற்கும் நிறைவேறியதற்கும் இடையே நாற்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தகைய பொறுமை கேலிக்கூத்தாடுவோரிடம் காணப்படுவதன்று.

அந்நாடகத்தில் கதையில்லை, எழுதப்பட்ட உரையாடலுமில்லை. இசையமைப்பாளரின் குறிப்பேட்டைப்போல் மணிக்கணக்காக வகுக்கப்பட்ட செயல்களே உண்டு. சூரிய உதயத்தில் தொடங்குகிறது. கொல்லப்பட்ட மிருகம் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு வயிறு கிழிக்கப்படுகிறது. கண்கள் கட்டப்பட்ட ஆணோ பெண்ணோ சிலுவையிலோ ஸ்டிரெச்சரிலோ கட்டப்பட்டுக் கிடக்க, வாயில் இரத்தம் ஊற்றப்படுகிறது. அது மார்பில் வழிந்து வெண்துணியை நனைக்கிறது. பலர் கூடி, திராட்சைப் பழங்களையும் தக்காளிகளையும் குடலையும் ஒருங்கே மிதிக்கிறார்கள். ஊதுகுழல்களும் தாளக்கருவிகளும் தாங்கமுடியாத பேரோசை எழுப்புகின்றன. பிறகு திடீரென எல்லாம் அடங்குகிறது. கிராமத்துப் பித்தளை வாத்தியக் குழு எளிய நடைப்பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டு செல்கிறது. தேவாலய மணி ஒலிக்கிறது. மக்கள் நீண்ட மேசைகளில் அமர்ந்து உணவருந்தி உள்ளூர்த் திராட்சரசம் பருகுகிறார்கள். பூக்கள் உண்டு. சர்க்கரைக் கட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அறுவைச் சிகிச்சைக் கருவிகள் மருத்துவமனையின் ஒழுங்கோடு பரப்பப்பட்டிருக்கும். நிழற்படங்களில் காணப்படுவது பெரும்பாலும் இரத்தமே. திரைப்படப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைவேளைகளின் அமைதியும் புலப்படும். அவ்வமைதியைக் கூறாமல் அவரைப்பற்றி எழுதுவது நேர்மையாகாது.

காளைகள் அங்கே தொழில்முறைக் கசாப்புக்காரரால் அறுக்கப்பட்டன. மிருகநேயர் கடுமையாக எதிர்த்தனர். 2015-இல் மெக்சிகோவின் அருங்காட்சியகம் ஒன்று அவருடைய கண்காட்சியைக் கைவிட்டதற்கும், 2017-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட் நகரில் ஆயிரக்கணக்கானோர் அவருடைய 150-ஆவது நிகழ்வுக்கு எதிராகக் கையெழுத்திட்டதற்கும் இதுவே காரணம். நிட்ச் இதற்குக் கூறிய பதில் எளிதில் தள்ளத்தக்கதன்று. எப்படியும் இறைச்சிக்காக அறுக்கப்படும் மிருகங்களே இவை. கண்மறைவில் நடப்பதைக் கண்ணெதிரே நடத்துகிறேன். தாளில் சுற்றிய இறைச்சியை வாங்கிச் செல்வோர் என்னைக் குற்றம் சொல்வது எப்படி என்று அவர் வினவினார். புலால் உண்ணும் கிறிஸ்தவர் எவரும் இவ்வினாவுக்கு விரைந்து விடை கூற முற்படக் கூடாது.

ஆயினும் இவ்விடத்தில் லேவியராகமம் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்ப்பது தகும். மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே இரத்தம் மனிதனுக்குரியதன்று. பலிபீடத்தில் அது கடவுளுக்குத் திரும்பச் செல்கிறது. வேட்டையில் பிடிபட்ட மிருகமானால் அதன் இரத்தம் நிலத்தில் ஊற்றப்பட்டு மண்ணால் மூடப்பட வேண்டும். பழைய ஏற்பாட்டின் பலிமுறை முழுவதும் இந்த ஒரு தடையைச் சுற்றியே அமைந்தது. கொல்பவன் தான் கொன்ற உயிருக்கு உரிமையாளன் அல்லன் என்பதை அவன் கைகளே ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டன. நிட்ச்சிடம் இரத்தம் வண்ணமாகிறது. மண்ணால் மூடப்பட வேண்டியது துணியில் ஏற்றப்பட்டு, சட்டமிடப்பட்டு, விலை குறிக்கப்படுகிறது. பலியின் வெளித்தோற்றம் யாவும் இங்கே உண்டு. பலியைப் பலியாக்கும் தடை மட்டும் இல்லை. மிருகநேயரின் முறையீட்டுக்கு மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஆதாரம் உண்டு என்பதை அவர்களில் பலரும் அறியார்.

நிட்ச் தம் கொள்கையை மிக விரிவாக எழுதியவர். ஃபிராய்டிடமிருந்து ஒரு கருத்தை அவர் பெற்றார்: அடக்கப்பட்ட உணர்ச்சி, தக்க சூழலில், முழு வேகத்தோடு வெளியேற்றப்படுமானால் மனிதன் நலமடைவான். கொலைவெறி, குருதிவேட்கை, சிதைக்கும் ஆசை ஆகியவற்றை நாகரிகம் நம்முள் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டி வைத்தது போராக வெடிக்கிறது. நாடகத்தில் அதை வெளியேற்றினால் போர் வேண்டாததாகும். நீட்சேயிடமிருந்து தியோனீசு என்னும் கிரேக்க மதுத்தெய்வத்தை எடுத்தார். (இருவர் பெயரும் தமிழ் எழுத்தில் இத்துணை நெருங்கி வருவது வாசகருக்குக் குழப்பம் தரலாம், பொறுத்தருள்க.) துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டு மீண்டும் எழும் அத்தெய்வத்தையும் சிலுவையிலறையப்பட்டவரையும் நீட்சே எதிரெதிராக நிறுத்தினார். நிட்ச் இருவரையும் ஒருவராக்கினார். இருவரில் நீட்சேயே கிறிஸ்தவத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்பது என் எண்ணம். பகைவராயினும் அவர் வேறுபாட்டைக் கண்டார். தியோனீசின் பலியில் வாழ்வின் பெருக்கு கொண்டாடப்படுகிறது. அங்கே கிழிக்கப்படுபவன் யார் என்பது பொருட்டன்று. கொல்கொதாவில் மாண்டவருக்கோ ஒரு பெயர் உண்டு. அவரைத் தண்டித்த அதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை நம் விசுவாசப்பிரமாணம் இன்றும் உச்சரிக்கிறது.

பொந்தியு பிலாத்துவின் பெயர் நினைவுக்கு வரும்போது ஆஸ்திரியாவின் நினைவும் வருகிறது. 1943-இல் நேச நாடுகள் மாஸ்கோவில் விடுத்த அறிக்கை, ஹிட்லரின் கொடுமைக்கு முதலில் இரையான நாடு என்று ஆஸ்திரியாவைக் குறித்தது. போருக்குப் பின் அந்நாடு அவ்வொரு வாசகத்தின் நிழலில் நெடுங்காலம் ஒதுங்கி நின்றது. யூதரைத் துரத்தியதிலும் கொன்றதிலும் தன் மக்களுக்கிருந்த பங்கை 1991 ஜூலையில்தான் தலைமை அமைச்சர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வியன்னாச் செயற்கலையினரின் இரத்தமும் மலமும் அலறலும் இந்த மௌனத்தின்மேல் எறியப்பட்ட கற்கள் என்று விமரிசகர் பலர் எழுதியுள்ளனர். இதில் உண்மையுண்டு. தந்தையர் வாய் திறவாதபோது பிள்ளைகளின் உடல்கள் பேசின.

ஆனால் என்ன பேசின? இரத்தம் இருந்தது என்று பேசின. யாருடைய இரத்தம், யார் சிந்தியது என்று நிட்ச்சின் மேடையில் எங்கும் கூறப்படவில்லை. ஆறு நாள் நாடகத்தில் குற்றம் என்ற ஒன்றே இல்லை. மனித இயல்பின் ஆழத்திலிருக்கும் மிகைவெறி மட்டுமே உண்டு. அது எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால் எவரும் அதற்குத் தனியே பொறுப்பேற்க வேண்டியதில்லை. அறிக்கையிடப்படாத பாவத்துக்கும் வெளியேற்றப்பட்ட உணர்ச்சிக்கும் இடையே பெருந்தூரம் உண்டு. ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்திலும் மீகா 6-ஆம் அதிகாரத்திலும் தீர்க்கதரிசிகள் பலிகளை வெறுத்துப் பேசியது அவற்றில் இரத்தம் இருந்ததற்காக அன்று. நகரவாசலில் நியாயம் புரட்டப்பட்டிருக்க, பலிபீடத்தில் மட்டும் மனம் இலேசாகிறதே என்பதற்காகவே.

மன எழுச்சியை வெளியேற்றினால் மனிதன் நலமடைவான் என்னும் கொள்கை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு ஓட்டோ ம்யூலின் வரலாறு சாட்சி. அவர் கலையை விட்டுக் கூட்டுவாழ்வுக் குடியிருப்பொன்றை நிறுவினார். குடும்பத்தையும் உடைமையையும் ஒழித்து மனிதரை விடுதலையாக்குவதாகக் கூறினார். 1991-இல், விரானிட்ஸ்கி பேசிய அதே ஆண்டில், வயதுவராதோரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காக அவருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நிட்ச் அக்குடியிருப்பைச் சேர்ந்தவர் அல்லர். அக்குற்றத்தில் அவருக்குப் பங்குமில்லை. ஆனால் அடக்குமுறையை அகற்றிவிட்டால் எஞ்சுவது களங்கமற்ற உயிர்வேகமே என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. அகஸ்தீனைக் கற்ற மாணவர் எவரும் அந்நம்பிக்கையைக் கண்டு திடுக்கிடுவர்.

இனி, நாடகத்தின் நடுவேயுள்ள அந்த உருவத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்போம். சிலுவையில் கட்டப்பட்ட மனிதன் வெண்ணாடையோடோ ஆடையின்றியோ இருக்கிறான். கண்கள் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன. தன்மேல் ஊற்றப்படுவதை அவன் காண்பதில்லை. அவன் பேசுவதில்லை. நிட்ச் இவர்களைச் 'செயலற்ற நடிகர்கள்' என்றே அழைத்தார். செயல்படுவோர் அவர்களைச் சுற்றி வந்து, ஊற்றி, துடைத்து, தூக்கிச் செல்கின்றனர்.

கொல்கொதாவில் மாண்டவரோ பேசினார். திருச்சபை அவர் சொற்களை நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் தொகுத்து ஏழென்று எண்ணிற்று. பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் மூன்று மணி நேரம் அவ்வேழு சொற்களையே நாம் தியானிக்கிறோம். அவர் கொலைஞருக்காக மன்றாடினார், பக்கத்திலிருந்த கள்வனுக்கு விடை கூறினார், தாயை ஒருவரிடம் ஒப்படைத்தார், தாகமென்றார், தம்மைக் கைவிட்ட கடவுளை நோக்கியே முறையிட்டார். அவருடைய கண்கள் கட்டப்பட்டிருக்கவில்லை. பிரதான ஆசாரியன் வீட்டில் காவலர்கள் அவர் கண்களைக் கட்டியபோது, அது அவரை இகழ்வதற்காகச் செய்யப்பட்டது என்று லூக்கா தெளிவாகக் கூறுகிறார். காவலரின் ஏளனத்தை நிட்ச் வழிபாட்டுச் சடங்காக்கிவிட்டார்.

ஃபிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் 1972-இல் வெளியிட்ட வன்முறையையும் புனிதத்தையும் பற்றிய நூல் இவ்விடத்தில் நமக்குத் துணையாகிறது. சமுதாயம் தன் உட்பகையை ஒரு பலியாளின்மேல் சுமத்திக் கொன்று அமைதி பெறுகிறது. அவன் குற்றமற்றவன் என்பது மறைக்கப்பட்டால்தான் அவ்வமைதி நிலைக்கும். பலியாள் வாய் திறவாதிருப்பது அதற்கு இன்றியமையாதது. சுவிசேஷங்கள் பலியாளின் பக்கம் நின்று கதையைக் கூறி, இந்த இயந்திரத்தை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தன என்று ஜிரார் பின்னர் வாதிட்டார். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் பலிமொழியை அவர் முதலில் ஏற்க மறுத்துப் பின்னர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஜிராரின் கொள்கை முழுவதையும் ஏற்காதவருக்கும் ஒன்று தெளிவாகும். வெளிச்சத்துக்கு வந்த அதே இயந்திரத்தை நிட்ச் மீண்டும் மறைபொருளாக்க முயன்றார். பெயரற்ற, கண்கட்டப்பட்ட, ஊமையான பலியாள். பிறகு எல்லாருக்கும் அமைதி, விருந்து, வாத்திய இசை.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். நிட்ச் தம் நிகழ்வுகளுக்கு எண்ணிட்டார். 1998-இன் ஆறு நாள் நாடகம் 100, 2005-இல் வியன்னாவின் புகழ்பெற்ற பர்க் நாடக அரங்கில் நடந்தது 122, ஹோபர்ட்டில் 150. எபிரெயர் 9, 10 ஆகிய அதிகாரங்களைக் கிரேக்க மூலத்தில் படித்தவர்க்கு இவ்வெண்கள் உறுத்தும். நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் ஆசாரியனையும், ஒரேதரம் செலுத்திவிட்டு உட்கார்ந்துவிட்ட ஆசாரியரையும் அந்நிருபம் எதிரெதிரே காட்டுகிறது. நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள வேறுபாட்டிலேயே அதன் வாதம் அடங்கியிருக்கிறது. நிட்ச் எண்பத்து மூன்று வயதுவரை உட்காரவில்லை. பலி பலித்ததா என்று கூறுபவர் எவருமில்லாதபோது அதைத் திரும்பச் செய்வதன்றி வேறு வழியில்லை. யாருக்குச் செலுத்தப்பட்டது என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை. வாழ்வுக்கு, இருப்புக்கு, பேரண்டத்துக்கு என்று பலவாறு எழுதினார். ஏற்றுக்கொள்ளவோ தள்ளவோ வல்ல ஒருவர் முன்னால் இல்லாத பலி அது. காயீனுக்குக் கிடைத்த மறுப்புகூட அங்கே கிடைப்பதற்கில்லை.

ஆறு நாள் என்ற கணக்கு ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நினைப்பூட்டாமல் இராது. ஏழாம் நாள் விடியலில் கூட்டம் கலைகிறது. 1998-இல் அவ்விடியல் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஓய்வுநாள் தொடங்க வேண்டிய இடத்தில் நாடகம் நின்றுவிடுகிறது. அவ்விடியலின் ஒளியைக் காண்பதே ஆறு நாள் உழைப்பின் நோக்கம் என்று அவரைப் போற்றுவோர் கூறுவர். அப்படியே கொண்டாலும், அது ஒவ்வொரு நாளும் எவர் உழைப்புமின்றி எழும் சூரியனே.

இதுகாறும் எழுதியதைக் கண்டு, சீர்திருத்தச் சபையார் வழக்கம்போல் சொல்லை உயர்த்திப் புலன்களைத் தாழ்த்துகின்றனர் என்று எண்ண வேண்டாம். நிட்ச் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு நம் மரபு எளிதில் விடை கூறாது. 1524-இல் சூரிக் நகர ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. அடுத்த ஆண்டு திருப்பலி நிறுத்தப்பட்டு, மரத்தட்டிலும் மரக்கிண்ணத்திலும் திருவிருந்து பரிமாறப்பட்டது. சுவிங்லி கண்ணுக்கும் மூக்குக்கும் உரியவற்றை வெளியேற்றிக் காதை மட்டும் வைத்துக்கொண்டார். கத்தோலிக்க நாட்டில் பிறந்த நிட்ச், இரத்தஞ்சிந்தாத பலியென்று திரெந்துச் சங்கம் வரையறுத்த ஒன்றில் மீண்டும் இரத்தத்தை ஊற்றினார். அப்பமும் இரசமும் மாம்சமும் இரத்தமுமாக மாறுவதை எழுத்துக்கு எழுத்து நடித்துக் காட்டினார் என்றுகூடச் சொல்லலாம். சுவிங்லி கண்டிருந்தால் தம் அச்சம் நியாயமே என்று கூறியிருப்பார். நிட்ச் சுவிங்லியைக் கண்டிருந்தால், உடலற்ற உங்கள் மார்க்கத்தில் மனிதவதாரத்துக்கு இடமெங்கே என்று கேட்டிருப்பார். அக்கேள்வி யோவானுடையது, கலைஞரின் வாயிலிருந்து வருவதால் அது பொய்யாகிவிடாது.

ஆகவே அவரோடு ஒப்பிடத்தக்கது வெறுஞ்சுவர் அன்று. மத்தியாஸ் குரூனெவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் அல்சாஸ் நாட்டின் ஐசன்ஹைம் மடத்துக்காகத் தீட்டிய பீட ஓவியமே. இன்று அது கொல்மார் நகரில் இருக்கிறது. அம்மடத்தினர் 'அந்தோணியார் நெருப்பு' என்று அழைக்கப்பட்ட கொடிய நோயால் கைகால் அழுகியவர்களைப் பராமரித்தவர்கள். குரூனெவால்டின் கிறிஸ்து நிட்ச் படைத்த எவ்வுருவத்துக்கும் கோரத்தில் குறைந்தவர் அல்லர்: பச்சை படர்ந்த தோல், உடலெங்கும் புண், முட்கள், விறைத்துப் பிளந்த விரல்கள். நோயாளிகள் தங்கள் புண்களை அவர்மேல் கண்டார்கள். அவ்விரத்தம் யாரையோ நோக்கிச் சிந்தப்பட்டது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

அவ்வோவியத்தின் வலப்புறத்தில் யோவான்ஸ்நானகன் நிற்கிறார். சிலுவைப்பாட்டுக்கு முன்னரே சிரச்சேதம் செய்யப்பட்டவர் அங்கே நிற்பது வரலாற்றுக்கு ஒவ்வாது, இறையியலுக்கு ஒக்கும். அவர் கையில் திறந்த நூல். காலடியில் சிலுவையேந்திய ஆட்டுக்குட்டி. அதன் குருதி கிண்ணத்தில் வடிகிறது. அவருடைய சுட்டுவிரல் இயல்புக்கு மிஞ்சி நீண்டிருக்கிறது. கார்ல் பார்த் இவ்வோவியத்தின் பிரதியொன்றைத் தம் எழுதுமேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார் என்பதும், இறையியலாளரின் பணி அவ்விரலின் பணியே என்று அவர் கருதினார் என்பதும் நாம் அறிந்தவை. இருபதாம் நூற்றாண்டில் சொல்லின் இறையியலை நிலைநாட்டியவர், கண்ணால் காணத்தக்க இந்தக் கோரத்தின் கீழே அமர்ந்து எழுதினார்.

நிட்ச்சின் மேடையில் ஆட்டுக்குட்டி உண்டு, கிண்ணம் உண்டு, சிலுவை உண்டு. அந்த விரல் இல்லை. சுட்டிக்காட்டி நிற்பவர் எவருமில்லை. எல்லாரும் கைகளை உள்ளே விட்டவர்கள். சாட்சி என்ற நிலையையே அவர் ஒழித்துவிட்டார். பார்வையாளர் பங்கேற்பாளராக வேண்டும் என்பது அவருடைய பெருமைக்குரிய கொள்கை. சுவிசேஷத்திலோ சிலுவையண்டை நின்ற பெண்கள் எதிலும் பங்கேற்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர் என்று மாற்கு எழுதுகிறார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே மூன்றாம் நாள் கல்லறைக்குச் சென்றவர்கள்.

நம் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களைப் பற்றியும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாட்டையின் முனையில் கோர்த்த எலும்பையும், ஆணி நுழைந்த நரம்பையும், ஒழுகிய குருதியின் அளவையும் சுவிசேஷகர்கள் எழுதாத நுணுக்கத்தோடு வருணித்து, சபையார் விம்மும்வரை நிறுத்தாத பிரசங்கியார் நம்மிடையே உண்டு. சுவிசேஷகர் நால்வரும் சிலுவையிலறைந்ததை ஒரு சொற்றொடரில் முடித்துக்கொண்டார்கள். நாமோ அச்சொற்றொடரை மணிக்கணக்காக நீட்டுகிறோம். கண்ணீர் வந்தது, மனம் இலேசாயிற்று, வீட்டுக்குச் சென்றோம். இதற்கும் நிட்ச் கூறும் உணர்ச்சி வெளியேற்றத்துக்கும் வேறுபாடு எங்கே? அவர் உண்மை இரத்தத்தையும், நாம் சொல்லாலான இரத்தத்தையும் ஊற்றுகிறோம். இரண்டிலும் விரல் காணாமற்போகலாம். இறையியல் மாணவர் தம் பிரசங்க வகுப்பில் இவருடைய நிகழ்வொன்றின் பதிவைப் பார்த்துவிட்டுத் தம் சென்ற ஆண்டுப் பிரசங்கத்தை எடுத்துப் படிப்பாராயின் அது வீண்வேலையாகாது.

கலைஞர் என்ற முறையில் நிட்ச்சை எவ்வாறு மதிப்பிடுவது? ஆறு நாள் நாடகத்தின் பெருவேட்கையில் வாக்னரின் நிழல் மிகுதி. அளவைப் பொருளென்று மயங்கும் பிழை இருவருக்கும் உண்டு. 1995-இல் வியன்னா அரசு இசைநாடக அரங்கில் மாஸ்னேயின் ஏரோதியாளைப் பற்றிய நாடகத்துக்கு அவர் வகுத்த அரங்கமைப்பும், 2021-இல் பைரூத் நகரில் வாக்னரின் வால்கிரி இசைக்கப்படும்போதே மேடையில் வண்ணங்களை ஊற்றச் செய்ததும் கண்ணுக்கு நிறைவளித்தவையே. ஆனால் என் பார்வையில் அவருடைய தலைசிறந்த படைப்புகள் ஊற்றோவியங்களே. பெருந்துணியில் செந்நிறம் வழிந்து உறைந்திருக்கும். அதன் நடுவே, ஓவியர் அணிந்திருந்த வெண்சட்டை கைகளை விரித்தபடி ஒட்டப்பட்டிருக்கும். அதில் உடலில்லை. சட்டை மட்டும் உண்டு. யோவான் 20-ஆம் அதிகாரத்தில் கல்லறைக்குள் குனிந்து பார்த்த சீடன் சீலைகளை மட்டும் கண்டதை அது நினைவூட்டுகிறது. ஆள் இல்லாமற்போன அவ்விடத்தில்தான் அவருடைய கலை ஒரு கணம் அடங்கி நின்று வேறெதற்கோ இடம் விடுகிறது. அவர் எழுதிய கொள்கை நூல்களில் இதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சிறையிலிட்ட நாடே பின்னர் அவரைக் கௌரவித்தது. 2005-இல் ஆஸ்திரிய அரசின் பெரும்பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 2007-இல் மிஸ்டெல்பாக்கிலும் 2008-இல் நேப்பிள்ஸ் நகரிலும் அவர் பெயரால் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. அவர் மறைந்து மூன்று மாதங்களில், 2022 ஜூலை இறுதியில், ஆறு நாள் நாடகத்தின் முதலிரு நாள்களுக்குரிய பகுதிகள் அவரில்லாமலே பிரின்சென்டார்ஃபில் நடத்தப்பட்டன. குறிப்பேடு இருப்பதால் அவரின்றியும் அது தொடரும். ஆனால் பூசை மேலாடை எதற்குரியது என்று அறிந்தோர் கூடியிருக்கும்வரையில்தான் அதன்மேல் இரத்தம் பட்டது அதிர்ச்சி தரும். ஐரோப்பிய ஆலயங்கள் ஆளற்றுப்போகும் வேகத்தில், வருங்காலப் பார்வையாளர் அதை அழகிய பூவேலை செய்த பழந்துணி என்று மட்டுமே காண்பர். திருச்சபையிடம் கடன் வாங்கியே அவர் திருச்சபையைச் சீண்டினார். அக்கடன் கொடுத்தவரும் வற்றிவரும் காலம் இது.

மிஸ்டெல்பாக்கின் நெடிய கூடங்களில் அவ்வாடைகள் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அருகே ஸ்டிரெச்சர்களும் மருத்துவக் கருவிகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரத்தம் நெடுநாள் சிவப்பாக இருப்பதில்லை. துணியில் காய்ந்து சில ஆண்டுகளில் பழுப்பாகி, மண்ணின் நிறத்தை அடைந்துவிடுகிறது.